வலிக்கிற மூட்டுக்கு வேலை கொடுப்பது எப்படி

முழங்கால் வலியோடு பிசியோதெரபி மையத்துக்குப் போகிறவரைப் பெரும்பாலும் முதலில் கட்டிலில் படுக்க வைப்பார்கள். முழங்காலைச் சுற்றி நான்கு ஒட்டுகளை வைத்துப் பதினைந்து நிமிடம் கரண்ட் கொடுப்பார்கள். அடுத்து ஜெல் தடவி அல்ட்ராசவுண்ட் வைப்பார்கள். சில இடங்களில் சூடான மெழுகு ஒத்தடமும் உண்டு. இப்படிப் பத்து ‘சிட்டிங்’ முடிந்ததும், நான்கைந்து பயிற்சிகளின் படம் போட்ட தாள் ஒன்றைக் கையில் கொடுத்து, “இதையெல்லாம் வீட்டில் செய்யுங்கள்” என்று அனுப்பிவைப்பார்கள். அந்தத் தாள் பழைய மருந்துச் சீட்டுகளோடு சேர்ந்து பைக்குள் போய்விடும். இந்த அத்தியாயம் வற்புறுத்துவது ஒன்றைத்தான்: சிகிச்சை என்பது அந்தத் தாளில் இருப்பது. அதற்கு முன் நடந்த பத்து நாளும் அதற்கான முன்னேற்பாடு. அதுவும் சிலருக்கு மட்டுமே தேவைப்படுகிற முன்னேற்பாடு. எல்லா மையங்களும் இப்படி இயங்குவதில்லை. முதல் நாளே நோயாளியை எழுந்து நிற்கச் சொல்லி, நடக்க வைத்து, படியேற வைத்துப் பார்த்துப் பயிற்சியைத் தொடங்குகிற பிசியோதெரபிஸ்டுகள் நிறையப் பேர் இருக்கிறார்கள். அவர்களிடம் போய்விட்டு, “மெஷினே வைக்கவில்லை, சும்மா எக்சர்சைஸ் சொல்லி அனுப்பிவிட்டார்” என்று குறைபட்டுக்கொண்டு வேறு இடம் தேடுகிறவர்களும் நிறையப் பேர். தவறான எதிர்பார்ப்பால் சரியான சிகிச்சையைக் கைவிடுவது வருத்தத்துக்குரிய இழப்பு.

பயிற்சிக்கு ஏன் இவ்வளவு முக்கியத்துவம்? உடலின் திசுக்கள் தம்மேல் விழும் சுமைக்கு ஏற்பத் தம்மை மாற்றிக்கொள்கின்றன. எலும்பு இப்படி மாறுகிறது என்பதை ஜெர்மானிய அறுவை மருத்துவர் ஜூலியஸ் வோல்ஃப் 1892-இல் ஒரு நூலாகவே எழுதினார். தசைக்கும், தசையை எலும்போடு பிணைக்கும் நாணுக்கும், எலும்போடு எலும்பைக் கட்டும் ஜவ்வுக்கும் இதே இயல்பு உண்டு. வேலை கொடுத்தால் தடிக்கும், உறுதிப்படும். வேலையை நிறுத்தினால் மெலியும். மாவுக்கட்டுப் போட்ட காலை ஆறு வாரம் கழித்துப் பிரித்துப் பார்த்தவர்களுக்கு இந்த மெலிவு எவ்வளவு வேகமாக நடக்கிறது என்று தெரியும். மூட்டின் முனைகளைப் போர்த்தியிருக்கும் குருத்தெலும்புக்கு நேரடி ரத்த ஓட்டம் கிடையாது. தண்ணீரில் கிடக்கும் பஞ்சைப் போல, அழுத்தும்போது திரவத்தை வெளியேற்றியும் விடும்போது உறிஞ்சியும்தான் அது தன் ஊட்டத்தைப் பெறுகிறது. அதாவது, அசையாத மூட்டில் குருத்தெலும்பு பட்டினி கிடக்கிறது. மாத்திரையோ மின்சாரமோ ஒட்டுப் பட்டையோ இந்த மாற்றங்களைத் திசுவுக்குள் உண்டாக்குவதில்லை. அவை வலியைக் குறைக்கலாம். திசுவைப் பலப்படுத்துவது சுமைதான். அதை அளவோடும் முறையோடும் கொடுப்பதுதான் பிசியோதெரபிஸ்டின் கலை.

இங்கே எழும் முதல் மறுப்பு நியாயமானதுதான். “மூட்டு தேய்ந்துவிட்டது என்று டாக்டரே எக்ஸ்ரேயைக் காட்டிச் சொன்னார். தேய்ந்த மூட்டை மேலும் மேலும் மடக்கி நீட்டினால் இன்னும் தேயாதா?” இயந்திர உதிரிபாகமாக இருந்தால் தேயும். ஆனால் மூட்டு உயிருள்ளது. தேயும்போதே தன்னைச் சரிசெய்துகொள்ளவும் முயல்கிறது. மூட்டுத் தேய்மானம் எனப்படும் மூட்டுவாதத்தில் நடப்பதும் வெறும் உராய்வு அன்று. மெல்லிய அழற்சி, எலும்பின் மாற்றம், தொடைத்தசையின் பலவீனம், உடல் எடை எல்லாம் சேர்ந்த நோய் அது. தொடையின் முன்பக்கத் தசை பலவீனமாக இருந்தால், ஒவ்வோர் அடியிலும் அந்தத் தசை தாங்க வேண்டிய அதிர்வை மூட்டு தனியாகத் தாங்குகிறது. வலிக்குப் பயந்து நடக்காமல் இருந்தால் அந்தத் தசை இன்னும் மெலிகிறது, எடையும் கூடுகிறது. ஒரு கிலோ எடை குறைந்தால், நடக்கும்போது ஒவ்வோர் அடியிலும் முழங்கால்மேல் விழும் சுமை ஏறக்குறைய நான்கு கிலோ குறைகிறது என்று அமெரிக்காவில் 2005-இல் வெளிவந்த ஆய்வு கணித்துக் காட்டியது. எடை கூடினால் கணக்கு எந்தப் பக்கம் போகும் என்று சொல்ல வேண்டியதில்லை. பயிற்சியை நேரடியாகச் சோதித்த ஆய்வுகளில் குறிப்பிடத்தக்கது, 2020-இல் நியூ இங்கிலாந்து ஜர்னல் ஆஃப் மெடிசின் இதழில் வெளிவந்தது. முழங்கால் மூட்டுவாதம் உள்ள 156 பேரில் ஒரு பாதிக்கு ஸ்டீராய்டு ஊசி, மறுபாதிக்குப் பிசியோதெரபி. ஓராண்டு கழித்து வலியையும் இயக்கச் சிரமத்தையும் 240 புள்ளி அளவில் மதிப்பிட்டபோது, ஊசி போட்டவர்களின் சராசரி 55.8, பிசியோதெரபி பெற்றவர்களின் சராசரி 37.0. இந்த அளவில் புள்ளி குறைவாக இருந்தால்தான் நல்லது. பயிற்சி மூட்டைத் தேய்க்கிறது என்றால், ஓராண்டு முடிவில் நிலைமை தலைகீழாக அல்லவா இருந்திருக்க வேண்டும்?

இடுப்பு வலியில் இதே அச்சம் ஓய்வு என்ற வடிவத்தில் வருகிறது. குனிந்து எதையோ தூக்கும்போது ‘பிடித்துக்கொண்ட’ இடுப்புக்குப் பலகையில் படுக்கச் சொல்வது நம் வீடுகளில் இன்றும் வழக்கம். ஹெல்சிங்கி நகராட்சி ஊழியர்கள் 186 பேரிடம் நடத்திய ஆய்வு 1995-இல் வெளியானது. திடீர் இடுப்பு வலி வந்த அவர்களில் ஒரு குழுவுக்கு இரண்டு நாள் படுக்கை ஓய்வு, இன்னொரு குழுவுக்கு முதுகை அசைக்கும் பயிற்சிகள், மூன்றாவது குழுவுக்கு வலி தாங்குகிற அளவில் வழக்கமான வேலை. விரைவில் தேறியது மூன்றாவது குழு. மிக மெதுவாகத் தேறியது படுத்திருந்த குழு. இந்த முடிவில் பயிற்சியை ஆதரிப்பவர்களுக்கும் ஒரு பாடம் இருக்கிறது. வலி வந்த முதல் சில நாளில் தனிப் பயிற்சிகளும் பெரிதாக உதவவில்லை. அன்றாட நடமாட்டமே போதுமானதாக இருந்தது. ஆகவே புதிதாக வந்த இடுப்பு வலிக்கு முதல் வாரத்திலேயே பயிற்சித் தாளைத் தேட வேண்டியதில்லை. எழுந்து நடமாடுங்கள், சமையுங்கள், முடிந்தால் வேலைக்குப் போங்கள். வலி மூன்று மாதத்தைத் தாண்டினாலோ திரும்பத் திரும்ப வந்தாலோ முறையான பயிற்சியின் இடம் அங்கேதான் தொடங்குகிறது.

“ஸ்கேனில் டிஸ்க் விலகியிருக்கிறது என்று தெளிவாகத் தெரிகிறதே” என்பார்கள். தெரியும்தான். இடுப்பு வலியே இல்லாத 98 பேருக்கு எம்.ஆர்.ஐ. எடுத்துப் பார்த்த ஆய்வு 1994-இல் வெளிவந்தது. அவர்களில் 52 சதவீதம் பேருக்கு ஒரு டிஸ்காவது புடைத்திருந்தது. 27 சதவீதம் பேருக்கு அதைவிடத் துருத்தியிருந்தது. முழங்காலிலும் இதே கதைதான். அமெரிக்காவின் ஃப்ரேமிங்ஹாம் ஊரில் ஐம்பது வயதைத் தாண்டியவர்களுக்கு எம்.ஆர்.ஐ. எடுத்து 2008-இல் வெளியிட்ட ஆய்வில், முழங்கால் மூட்டுக்குள் மெத்தைபோல் இருக்கும் சவ்வு கிழிந்திருந்தவர்களில் 61 சதவீதம் பேருக்கு முந்தைய மாதத்தில் வலியோ இறுக்கமோ இருக்கவில்லை. நரை விழுவதைப்போல வயதோடு வரும் மாற்றங்கள் பலவும் ஸ்கேனில் பதிவாகின்றன. உங்கள் வலிக்கு அவைதான் காரணம் என்று அந்தப் படத்தை மட்டும் வைத்துச் சொல்லிவிட முடியாது. ஸ்கேன் அறிக்கையைப் படித்துவிட்டு இனிக் குனியவே கூடாது என்று முடிவு கட்டிக்கொள்கிறவர், டிஸ்க்கால் இழப்பதைவிட அந்த முடிவால் அதிகம் இழக்கிறார்.

பயிற்சியைப் பற்றி மேலும் பேசுவதற்கு முன் ஒன்றை இங்கேயே சொல்லிவிடுகிறேன். சில அறிகுறிகள் இருந்தால் பயிற்சியைத் தொடங்காமல் நேராக மருத்துவரிடம் போக வேண்டும். இடுப்பு வலியோடு சிறுநீர், மலம் கட்டுப்படாமல் போவது அல்லது சிறுநீர் வராமல் அடைப்பது, தொடை இடுக்கிலும் ஆசனவாயைச் சுற்றியும் மரத்துப்போவது, பாதத்தைத் தூக்க முடியாமல் தொங்கிப்போவது ஆகியவை அவசர நிலை. மணிக்கணக்கில்கூடத் தாமதிக்கக் கூடாது. காய்ச்சலோடு மூட்டு சிவந்து சூடாக வீங்குவது, காரணமில்லாமல் எடை குறைவது, முன்பு புற்றுநோய் வந்தவருக்குப் புதிதாக எலும்பு வலி வருவது, எப்படிப் படுத்தாலும் தணியாத இரவு வலி, ஒரு காலின் கெண்டைக்கால் மட்டும் வீங்கி வலிப்பது, விழுந்த பிறகு வந்த கடுமையான வலி ஆகியவற்றுக்கும் முதலில் பரிசோதனை தேவை. கணுக்கால் பிசகினால் எலும்பு முறிந்ததா என்று சந்தேகிக்க ஓர் எளிய வழியைக் கனடாவின் ஆட்டவா நகர மருத்துவர்கள் 1992-இல் வகுத்தார்கள். அடிபட்ட உடனும் மருத்துவமனையிலும் நான்கு அடி எடுத்துவைக்க முடியவில்லை என்றாலோ, கணுக்காலின் இருபுறமும் துருத்தியிருக்கும் எலும்புகளின் பின் விளிம்பை அழுத்தினால் வலித்தாலோ எக்ஸ்ரே எடுக்க வேண்டும். பாதத்தின் உள்விளிம்பிலும் வெளிவிளிம்பிலும் உள்ள குறிப்பிட்ட இரண்டு எலும்புகளையும் மருத்துவர் அழுத்திப் பார்ப்பார். எங்கும் எலும்பு வலி இல்லாமல் நடக்கவும் முடிந்தால், முறிவு இருக்கும் வாய்ப்பு மிகக் குறைவு.

இனி மெஷின் பற்றிய கேள்வி. “கரண்ட் வைத்த பிறகு நன்றாக இருந்ததே, அது பொய்யா?” பொய் இல்லை. மின்தூண்டலும் வெப்பமும் வலியுணர்வைச் சிறிது நேரம் மங்கச் செய்யும்; யாரோ ஒருவர் அக்கறையோடு தொட்டுப் பார்த்துக் கவனிப்பதும் வலியைக் குறைக்கும். நாள்பட்ட வலியும் தானாகவே ஏறி இறங்கும் இயல்புடையது. மிக மோசமான வாரத்தில்தான் மருத்துவரைத் தேடிப் போகிறோம் என்பதால், அடுத்த வாரம் எதைச் செய்திருந்தாலும் கொஞ்சம் தணிந்திருக்கும். நாள்பட்ட இடுப்பு வலிக்கு உலக சுகாதார நிறுவனம் 2023 டிசம்பரில் வெளியிட்ட வழிகாட்டுதல், பயிற்சியையும் நோய் குறித்த கல்வியையும் பரிந்துரைக்கிறது. மசாஜுக்கும் முதுகெலும்பைக் கையால் இயக்கும் சிகிச்சைக்கும்கூட இடம் தருகிறது. ஆனால் சிகிச்சை அல்ட்ராசவுண்ட், டென்ஸ் எனப்படும் மின்தூண்டல், இடுப்பை இழுத்துவைக்கும் டிராக்‌ஷன், இடுப்பு பெல்ட் ஆகியவற்றை வழக்கமாகத் தர வேண்டாம் என்று சொல்கிறது. மூட்டுவாதத்துக்கு மின்சிகிச்சை தர வேண்டாம் என்று பிரிட்டனில் மருத்துவ வழிகாட்டுதல்களை வெளியிடும் நைஸ் அமைப்பும் 2022-இல் வழிகாட்டியது. மெஷினுக்கு இடமே இல்லை என்று இதற்குப் பொருள் கொள்ள வேண்டாம். முழங்கால் மாற்று அறுவைக்குப் பின் தொடைத்தசை ‘தூங்கிப்போய்’ சுருங்க மறுக்கும்போது, மின்தூண்டலால் அதை எழுப்புவதற்கு நல்ல சான்று இருக்கிறது. வலி மிகுந்த நாளில் ஒத்தடம் கொடுத்துவிட்டுப் பயிற்சி செய்வதும் அறிவான செயல். மெஷினோடு சிகிச்சை முடிந்துபோவதைத்தான் ஏற்க முடியாது. பத்து நாள் கூலியை விட்டுவிட்டு, பேருந்து ஏறிப் போய், கரண்ட் மட்டும் வைத்துக்கொண்டு திரும்புகிற ஒருவருக்கு, அந்தப் பணத்துக்கும் நேரத்துக்கும் உரியது கிடைக்கவில்லை.

எல்லா மறுப்புகளிலும் கனமானது இதுதான்: “பயிற்சி செய்து பார்த்தேன், வலி கூடிவிட்டது, விட்டுவிட்டேன்.” இப்படிச் சொல்பவர்கள் சோம்பேறிகள் இல்லை. பெரும்பாலும் அவர்களுக்கு அளவு சொல்லப்படவில்லை. ஒரு மாத்திரையை எத்தனை மில்லிகிராம், எத்தனை வேளை என்று எழுதித்தரும் நாம், பயிற்சியை மட்டும் ‘முடிந்த அளவு செய்யுங்கள்’ என்று விட்டுவிடுகிறோம். பல மாதம் ஓய்ந்திருந்த மூட்டுக்கு ஒரே நாளில் முப்பது தடவை என்பது அதிக அளவு. வலி கூடுகிறது, பயம் பிறக்கிறது, மூட்டு மறுபடி ஓய்கிறது, அடுத்த முயற்சிக்கு அது இன்னும் பலவீனமாக வந்து சேர்கிறது. இங்கே முதலில் விளங்கிக்கொள்ள வேண்டியது, நாள்பட்ட வலியில் வலியின் அளவும் சேதத்தின் அளவும் ஒன்றல்ல என்பது. மாதக்கணக்கில் வலித்த இடத்தின் நரம்புகள் கூர்மையடைந்து, சாதாரண அழுத்தத்தையும் ஆபத்தாக மூளைக்குச் சொல்கின்றன. பயிற்சியின்போது கொஞ்சம் வலித்தால் ஏதோ கிழிகிறது என்று பொருள் இல்லை. ஆனால் எந்த வலியையும் பொறுத்துக்கொண்டு செய்யலாம் என்பதும் தவறு.

ஸ்காண்டிநேவிய நாடுகளின் பிசியோதெரபி ஆய்வுகளில் பயன்பட்டு இன்று பல இடங்களிலும் பின்பற்றப்படும் ஒரு வலி விதி இருக்கிறது. வலியே இல்லை என்பதற்குப் பூஜ்யம், கற்பனை செய்யக்கூடிய மிகக் கொடிய வலிக்குப் பத்து என்று வைத்துக்கொள்ளுங்கள். பயிற்சியின்போது வலி இரண்டு வரை இருந்தால் கவலையின்றித் தொடரலாம். ஐந்து வரை ஏறினாலும் ஏற்கத்தக்கதே. ஐந்தைத் தாண்டினால் அன்றைய அளவு அதிகம். இதைவிட முக்கியமான அளவுகோல் மறுநாள் காலை. இருபத்து நான்கு மணி நேரத்துக்குள் வலி உங்கள் வழக்கமான நிலைக்குத் திரும்பிவிட்டால் அந்த அளவு சரி. அதையே தொடருங்கள், பிறகு கூட்டுங்கள். மறுநாளும் கூடுதலாக வலித்தாலோ மூட்டு வீங்கினாலோ, பயிற்சியை நிறுத்த வேண்டாம். எண்ணிக்கையை அல்லது ஆழத்தைப் பாதியாக்குங்கள். பயிற்சியைக் கைவிடுவதற்கும் அளவைக் குறைப்பதற்கும் உள்ள இந்த வேறுபாட்டைப் பிடித்துக்கொண்டவர்கள்தான் பெரும்பாலும் பலன் பெறும்வரை தாக்குப்பிடிக்கிறார்கள்.

முழங்காலுக்கு இதைச் செயலில் எப்படிக் காட்டுவது? கைப்பிடி இல்லாத, உறுதியான நாற்காலியைச் சுவரோடு சேர்த்துப் போடுங்கள். வழுக்காத தரையாக இருக்கட்டும். அதன்மேல் ஒரு தலையணை வைத்தால் உயரம் கூடும், மூட்டு குறைவாக மடங்கும், அதுதான் தொடக்கம். இரு பாதங்களையும் இடுப்பு அகலத்துக்கு வைத்து, கைகளை மார்பின் குறுக்கே கட்டிக்கொண்டு எழுங்கள். முழங்கால்கள் உள்நோக்கிச் சாயாமல், பாதத்தின் இரண்டாவது விரல் இருக்கும் திசையையே நோக்கட்டும். உட்காரும்போது மனத்துக்குள் மூன்று எண்ணும் அளவுக்கு மெதுவாக இறங்குங்கள். தொப்பென்று விழாமல் இறங்குவதில்தான் தொடைத்தசைக்குப் பாதி வேலை இருக்கிறது. எட்டு முதல் பத்து முறை, இரண்டு நிமிட இடைவெளி, பிறகு மறுபடி. மொத்தம் இரண்டு அல்லது மூன்று சுற்று. கடைசி இரண்டு மூன்று முறை கடினமாகத் தோன்ற வேண்டும். சுலபமாகவே முடிகிறது என்றால் அளவு போதவில்லை. வாரத்துக்கு மூன்று நாள், ஒருநாள் விட்டு ஒருநாள். தசை உறுதிப்படுவது அந்த இடைவெளி நாளில்தான். பன்னிரண்டு முறை எளிதாக வந்ததும் தலையணையை எடுத்துவிடுங்கள். அதுவும் எளிதானால் இரண்டு கிலோ அரிசிப் பையை மார்போடு அணைத்துக்கொள்ளுங்கள், அல்லது உயரம் குறைந்த முக்காலிக்கு மாறுங்கள். இதோடு, சுவரைத் தொட்டுக்கொண்டு வாசற்படியில் ஒரு காலால் மெதுவாக ஏறி அதே காலால் தாங்கி இறங்குவதையும், குதிகாலை உயர்த்தி நிற்பதையும் சேர்த்தால் முழங்காலைத் தாங்கும் பெரிய தசைகள் பெரும்பாலும் வேலைக்கு வந்துவிடும். முதல் சில வாரத்தில் கூடும் பலம் பெரும்பாலும் நரம்புகள் தசையை நன்றாக இயக்கக் கற்றுக்கொள்வதால் வருவது. தசையே தடிக்க இரண்டு மாதமாவது ஆகும். எனவே பன்னிரண்டு வாரம் என்று மனத்தில் வைத்துக்கொண்டுதான் தொடங்க வேண்டும். மூன்றாவது வாரத்தில் பெரிய மாற்றம் தெரியவில்லை என்று விடுவது பயிர் முளைக்குமுன் உழுதுபோடுவது. நடைப்பயிற்சி இதயத்துக்கும் சர்க்கரைக்கும் எடைக்கும் மிக நல்லது. ஆனால் தொடைத்தசைக்கு அது தனியாகப் போதாது. “தினமும் நடக்கிறேனே” என்பவர்களுக்கும் இந்தப் பயிற்சிகள் தேவைப்படுவது அதனால்தான்.

மற்ற காயங்களிலும் விதி இதுவே, அளவும் காலமும்தான் மாறும். கணுக்கால் சுளுக்குக்கு முதல் ஓரிரு நாள் காலை உயர்த்தி வைத்து, துணிக்கட்டுப் போட்டு, வலி தாங்கும் அளவில் ஊன்றி நடந்தால் போதும். வீக்கம் வடிந்ததும் எல்லாம் முடிந்தது என்று நினைப்பதால்தான் அதே கால் மறுபடி மறுபடி பிசகுகிறது. ஜவ்வோடு சேர்ந்து கணுக்காலின் நிலையை மூளைக்குச் சொல்லும் உணர்வும் பழுதாகியிருக்கும். ஒற்றைக் காலில் நிற்கும் பயிற்சியைச் சில வாரம் தொடர்ந்தால் மீண்டும் பிசகும் வாய்ப்பு குறைகிறது. காலையில் முதல் அடி வைக்கும்போது குத்தும் குதிகால் வலிக்கு, விரல்களுக்கு அடியில் சுருட்டிய துண்டை வைத்துப் படியின் விளிம்பில் நின்று குதிகாலை மெதுவாக உயர்த்தி இறக்கும் பயிற்சியை டென்மார்க்கில் சோதித்து 2014-இல் முடிவை வெளியிட்டார்கள். ஒருநாள் விட்டு ஒருநாள் செய்தவர்கள், நீட்டல் பயிற்சி மட்டும் செய்தவர்களைவிட மூன்று மாதத்தில் நன்றாகத் தேறியிருந்தார்கள். ஓராண்டில் இரு குழுவும் ஏறக்குறையச் சமமானது. ஆனால் நாள் முழுக்க நின்று வேலை செய்கிறவருக்கு அந்த மாதங்களின் மதிப்பு பெரிது. தோள் இறுக்கம் சர்க்கரை நோயாளிகளுக்கு மற்றவர்களைவிட அதிகம் வருகிறது. தேற ஓராண்டு, இரண்டாண்டுகூட ஆகலாம். பிரிட்டனில் 503 பேரிடம் நடத்தி 2020-இல் வெளியிட்ட ஆய்வில், ஸ்டீராய்டு ஊசியோடு சேர்த்த பிசியோதெரபி, மயக்க மருந்து கொடுத்துத் தோளை அசைத்துவிடுவது, துளை அறுவை ஆகிய மூன்றில் எதுவும் மற்றவற்றைவிடத் தெளிவாக மேலோங்கவில்லை. அப்படியென்றால் ஆபத்து குறைந்த வழியில் தொடங்குவதே முறை. சுமைக்கு ஏற்ப உடல் மாறும் என்ற தர்க்கம் நாள்பட்ட நுரையீரல் அடைப்பு நோயிலும் செல்லும். பயிற்சி நுரையீரலைப் புதுப்பிப்பதில்லை. ஆனால் பழகிய கால்தசைகள் அதே வேலையைக் குறைந்த மூச்சில் செய்துமுடிக்கின்றன. படியேறும்போது வரும் இரைப்பு அதனால் குறைகிறது.

“இந்த வயதிலா?” என்ற தயக்கத்துக்கு 1990-இலேயே பதில் கிடைத்துவிட்டது. பாஸ்டனில் ஒரு முதியோர் இல்லத்தில், சராசரியாகத் தொண்ணூறு வயதான, உடல் தளர்ந்த பத்துப் பேருக்கு எட்டு வாரம் எடைப் பயிற்சி கொடுத்தார்கள். முழுமையாகச் செய்துமுடித்த ஒன்பது பேரின் தொடைத்தசை வலிமை சராசரியாக 174 சதவீதம் கூடியது. ஆய்வு சிறியதுதான், ஆனால் வயதான தசையும் பயிற்சிக்குப் பதில் சொல்லும் என்பதை மறுக்க முடியாதபடி அது காட்டியது. நம் பெரியவர்களிடம் நாம் சொல்லும் அறிவுரையைக் கொஞ்சம் யோசிக்க வேண்டும். தரையில் உட்காராதீர்கள், குனியாதீர்கள், படியேறாதீர்கள் என்று அன்பின் பெயரால் ஒவ்வொன்றாகத் தடுக்கிறோம். வலி மிகுந்த சில வாரங்களுக்கு அது சரி. ஆயுள் முழுக்க என்றால், தரையிலிருந்து எழும் திறனையே இழந்துவிடுவார்கள்; பிறகு ஒருநாள் குளியலறையில் விழுந்தால் தாமாக எழ முடியாது. முக்காலியிலிருந்து மணைக்கும், மணையிலிருந்து தரைக்கும் படிப்படியாக இறங்கிப் பழக்கினால், பலருக்கு அந்தத் திறன் திரும்பக் கிடைக்கும்.

அறுவை சிகிச்சையை இந்த அத்தியாயம் எதிர்க்கவில்லை. டென்மார்க்கில் முழங்கால் மாற்று அறுவைக்குத் தகுதியான நூறு பேரை இரு குழுவாகப் பிரித்து, ஒரு குழுவுக்கு அறுவையும் பயிற்சியும், மற்றதற்குப் பன்னிரண்டு வாரப் பயிற்சியும் எடைக்குறைப்பு ஆலோசனையும் அடங்கிய சிகிச்சை மட்டும் கொடுத்தார்கள். 2015-இல் வெளிவந்த முடிவின்படி, அறுவை செய்துகொண்டவர்களுக்கே வலி அதிகம் குறைந்தது. அதே சமயம் கடுமையான பக்கவிளைவுகள் அங்கே 24, மறுபக்கம் 6. பயிற்சி மட்டும் பெற்ற ஐம்பது பேரில் ஓராண்டுக்குள் அறுவைக்குப் போனவர்கள் 13 பேர் மட்டுமே. ஆக, மூட்டு மிகவும் சிதைந்து, பயிற்சியை ஒழுங்காகச் செய்தும் தூக்கம் கெடும் அளவுக்கு வலிப்பவருக்கு அறுவை நல்ல வழி. மற்றவர்களுக்கு அதைத் தள்ளிப்போடவோ தவிர்க்கவோ பயிற்சியால் முடியும். அறுவைக்குப் பிறகும் பயிற்சியிலிருந்து விடுதலை இல்லை. இதற்கு வேலூரிலேயே பழைய சான்று உண்டு. தொழுநோயால் மடங்கிப்போன விரல்களை நிமிர்த்த, 1940களின் இறுதியில் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியில் மருத்துவர் பால் பிராண்ட் நல்ல தசையின் நாணை இடம் மாற்றிப் பொருத்தும் அறுவைகளைத் தொடங்கினார். நாண் புதிய இடத்தில் ஒட்டிக்கொண்டதும் கை வேலை செய்துவிடுவதில்லை. வேறு வேலைக்குப் பழகியிருந்த தசைக்குப் புதிய வேலையை வாரக்கணக்கில் கற்றுக்கொடுக்க வேண்டியிருந்தது. முழங்கால் மாற்றிக்கொண்ட இன்றைய நோயாளிக்கும் நிலைமை அதுதான்: அறுவை மருத்துவர் மூட்டைத் தருகிறார், அதை மடக்கவும் ஊன்றவும் பயிற்சி வேண்டும்.

நல்ல பிசியோதெரபிஸ்டை எப்படி அடையாளம் காண்பது? பிசியோதெரபி பட்டப் படிப்பான பி.பி.டி.யை முடித்தவரா என்று கேட்பதில் தயக்கம் வேண்டாம். அதற்கு மேல், அவர் செய்வதைக் கவனியுங்கள். முதல் நாளே உங்களை நடக்க, உட்கார, எழச் செய்து பார்க்கிறாரா? உங்களால் எதைச் செய்ய முடியாமல் இருக்கிறது, எதை மீண்டும் செய்ய ஆசைப்படுகிறீர்கள் என்று கேட்கிறாரா? வீட்டுப் பயிற்சியின் எண்ணிக்கையையும் நாளையும் எழுதித்தந்து, அடுத்த முறை உங்களைச் செய்துகாட்டச் சொல்லித் திருத்துகிறாரா? இவை நடந்தால் மெஷின் இல்லாத அறையிலும் உங்களுக்குச் சிகிச்சை கிடைக்கிறது. பணம் குறைவாக இருந்தால் பத்து நாள் தொடர்ந்து போவதைவிட, இரண்டு வாரத்துக்கு ஒருமுறை என ஐந்தாறு முறை போய் அளவைக் கூட்டிக்கொண்டு வருவது அதிகப் பயன் தரும். நடமாட முடியாதவர்களுக்குத் தமிழ்நாட்டில் இன்னொரு வழியும் உண்டு. 2021 ஆகஸ்ட் 5-ஆம் தேதி கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் தொடங்கப்பட்ட ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தில், ரத்த அழுத்த, சர்க்கரை மாத்திரைகளோடு இயன்முறை சிகிச்சை எனப்படும் பிசியோதெரபியும் வீடு தேடி வருகிறது. பக்கவாதம் வந்து படுத்திருப்பவருக்கும் இடுப்பு எலும்பு முறிந்து எழ முடியாதவருக்கும் இது பெரிய உதவி. உங்கள் பகுதி ஆரம்பச் சுகாதார நிலையத்திலோ அங்கிருந்து வரும் சுகாதாரத் தன்னார்வலரிடமோ பெயரைப் பதிந்துகொள்ளலாம். பிசியோதெரபிஸ்ட் வந்துபோவதற்கு இடைப்பட்ட நாள்களில் பயிற்சி நடக்க வேண்டும் என்பதால், வரும்போது வீட்டில் ஒருவர் கூடவே இருந்து பார்த்துக்கொள்ளட்டும். கைபேசியில் படம் பிடித்துக்கொள்ள அனுமதி கேளுங்கள். எத்தனை முறை செய்தார், மறுநாள் காலை வலி எத்தனை என்று இரண்டு எண்களை நாள்காட்டியில் குறித்துவைத்தால், அடுத்த முறை வருகிறவர் அளவைக் கூட்டுவதா குறைப்பதா என்று உடனே முடிவெடுக்க முடியும்.